அவர்களுக்கு வேண்டியது மாணவர்கள்

அக்டோபர் 1 நெருங்கினால் பள்ளிகளில் வண்ணத்தாளும் பசையும் வாங்கிக் குவிப்பார்கள். உலக முதியோர் நாள் வருகிறது. ஐ.நா. சபை 1990-இல் அறிவித்து 1991 முதல் கொண்டாடப்படும் நாள். பிள்ளைகள் வாழ்த்து அட்டை செய்வார்கள், காகிதப் பூ செய்வார்கள், ஐஸ் குச்சிகளை ஒட்டிப் படச் சட்டம் செய்வார்கள். பிறகு ஒரு வேனில் ஏறி, அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்குப் போவார்கள். ஆளுக்கொரு பெரியவர் கையில் பூவைக் கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, ஒரு பாட்டுப் பாடி, மதியச் சாப்பாடு பரிமாறி, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு பள்ளி விடுவதற்குள் திரும்பிவிடுவார்கள். மறுநாள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அந்தப் படம் வரும். முதியோர் நெகிழ்ந்தார்கள் என்று கீழே எழுதியிருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பேரப்பிள்ளை முகம் பார்க்காமல் ஏங்கிக் கிடக்கிறவர்களுக்கு ஒரு நாளாவது பிள்ளைச் சத்தம் கேட்கட்டுமே என்பார்கள். பிள்ளைகளுக்கும் இரக்கம் பழகட்டும், கடையில் வாங்கிக் கொடுப்பதைவிடக் கையால் செய்து கொடுப்பதில் அன்பு கூடுதல் என்பார்கள். ஆசிரியர்களும் சேவைச் சங்கங்களும் இல்லம் நடத்துகிறவர்களும் ஒரே குரலில் சொல்வது இதுதான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடிப்படையே பிசகு என்கிறேன். கைவேலை தெரியாத பிள்ளைகளைக் கைவேலை தெரிந்த பெரியவர்களிடம் அழைத்துப் போகிறோம். போய், தெரியாதவர்கள் செய்ததைத் தெரிந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கச் சொல்கிறோம். பொருள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போக வேண்டும் என்பதையே தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரையில் 70 வயதைத் தாண்டியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சாயல்குடி, நரிப்பையூர், கன்னிராஜபுரம் பக்கத்துப் பனங்காடுகளில் பிறந்து, பால்பல் விழும் வயதிலேயே ஓலை முடையக் கற்ற பெண்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மண்டபத்திலும் கடலுக்குப் போய்வந்து, முதுகு வளைந்த பிறகு மணலில் கால் நீட்டி உட்கார்ந்து வலை பொத்திய ஆண்கள். சாணம் மெழுகிய தரையில் புள்ளி வைக்காமலே கோலம் இழுத்த கைகள். மண் அடுப்பும் குதிரும் தாங்களே செய்துகொண்ட வீடுகளில் வளர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 5 கோடிப் பனைகள் இருப்பதாகக் கணக்குச் சொல்வார்கள். அவை அடர்ந்து நிற்கிற மாவட்டங்களில் ராமநாதபுரமும் ஒன்று. இந்த மரத்தை 1978-இல் மாநில மரம் என்று அறிவித்தோம். 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனைவிதைகள் கொடுப்போம் என்றும், ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றும் சொன்னோம். மரத்தைக் காப்பாற்ற இத்தனை யோசித்தவர்கள், அந்த மரத்தின் ஓலையை என்ன செய்வது என்று தெரிந்த கடைசித் தலைமுறையை இல்லத்துக் கட்டிலில் உட்காரவைத்து, அதன் மடியில் காகிதப் பூவை வைக்கிறோம்.

அப்படி ஒரு நிகழ்ச்சியில் நானும் ஓரமாக நின்றிருக்கிறேன். இல்லத்தின் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே வேண்டாம். ஒரு சிறுமி நீட்டிய ரோஜாவை ஓர் அம்மா வாங்கினார். மற்றவர்களைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளவில்லை. திருப்பினார். இதழ்களை ஒவ்வொன்றாக விலக்கி, காம்பு எங்கே சேர்கிறது என்று பார்த்தார். "இத எதுல ஒட்டுன ஆத்தா?" என்று கேட்டார். சிறுமி ஆசிரியையைப் பார்த்தாள். ஒட்டியது ஆசிரியை. "பசையில ஒட்டினா மழைக்குத் தாங்காதே, ஓலையா இருந்தா மடிச்சே நிறுத்திப்புடலாம்" என்று அந்த அம்மா சொல்லத் தொடங்கியபோது, அடுத்த நிகழ்ச்சி பாட்டு என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். அன்று அந்தக் கூடத்தில் கைவேலையைப் பற்றித் தெரிந்து பேசியவர் அந்த அம்மா ஒருவர்தான். அவர் பேச்சு முடியும்வரை இருக்க யாருக்கும் நேரம் இல்லை.

முதியோருக்கு வேண்டியது பிள்ளைகளின் அன்பு என்ற பேச்சில் உள்ள கோளாறு இதுதான். அன்பு என்று சொல்லும்போது, வாங்கிக்கொள்வதைத் தவிர அவர்களால் செய்யக்கூடியது வேறில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பேரன் பேத்தி வேடத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறோம். சொந்தப் பேரனை நினைத்து உருகுகிறவருக்கு அது ஆறுதலா, ரணத்தைக் கீறுவதா என்று அவரைக் கேட்டவர்கள் உண்டா? வேன் கிளம்பிய பின் இல்லத்தில் இருந்து பாருங்கள். பணியாளர்கள் சொல்வார்கள், அன்று இரவு பலர் சாப்பிடாமலே படுத்துவிடுவார்கள் என்று. மறுவாரமும் அதே பிள்ளை வரும் என்றால் அது வேறு. வராத பிள்ளையைப் பேரப்பிள்ளை என்று காட்டுவது கொடுமை.

மாணவராக வருகிற பிள்ளை மறுவாரமும் வந்தாக வேண்டும், ஏனென்றால் பெட்டி பாதியில் நிற்கிறது.

ஓலைப் பெட்டி ஒரு நாளில் பிடிபடுகிற வேலை இல்லை என்பதே அதன் பெரிய நன்மை. குருத்தோலையை வெயிலில் வாட்டி, நடு ஈர்க்கை உரித்து எடுத்து, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். அகலம் மாறினால் முடைசலில் ஓட்டை விழும். காய்ந்த ஓலை ஒடியும், நனைந்தது அதிகமானால் கறுக்கும். எவ்வளவு ஈரம் என்பது விரலுக்கு மட்டுமே தெரிகிற கணக்கு. அடிப்பாகம் சுலபம். ஒன்றன்மேல் ஒன்று, ஒன்றன்கீழ் ஒன்று என்று போய்விடலாம். மூலையில்தான் சிக்கல். தட்டையாகப் படுத்திருந்த ஓலை அங்கே எழுந்து நின்று சுவராக வேண்டும். முதல் முறை முடையும் பிள்ளைக்கு மூலை நிற்காது, வாய் பிளக்கும். பக்கத்தில் இருக்கும் அப்பத்தா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "சரியில்ல, அவுத்துப் போடு" என்பார்.

அந்த ஒரு சொல்லின் மதிப்பு நமக்குப் புரிய வேண்டும். இன்றைய பிள்ளை எதைக் கிறுக்கினாலும் சூப்பர் என்று கேட்டே வளர்கிறது. சரியில்லை என்று சொல்லி, ஏன் சரியில்லை என்று காட்டி, சரியாகும்வரை கூடவே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் அதற்குக் கிடைப்பது அரிது. அந்தப் பெரியவர் பக்கமும் பாருங்கள். இல்லத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் சொல்லுக்கு யாரும் கட்டுப்பட்டதில்லை. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எப்போது விளக்கணைப்பது எல்லாம் பிறர் முடிவு. இங்கே அவர் சொல்தான் தீர்ப்பு. பிள்ளை அவிழ்க்கிறது. மறுபடி முடைகிறது.

பெட்டிவரை போகாத பிள்ளைக்குக் காற்றாடி இருக்கிறது. இரண்டு ஓலைத் துண்டுகளைக் குறுக்கே மடித்துக் கோத்து, நடுவில் உடைமரத்து முள்ளைச் செருகி, முள்முனையை ஒரு குச்சியில் குத்தினால் முடிந்தது. கேட்க எளிது. முள் இறுகினால் சுற்றாது, தளர்ந்தால் கழன்று காற்றோடு போகும். ராமேஸ்வரம் தீவில் ஆடி மாதம் அடிக்கிற காற்றுக்கு எந்த அளவு சரி என்று அந்த ஊரில் வளர்ந்த கிழவருக்குத்தான் தெரியும். கிலுகிலுப்பை, பாம்பு, விசிறி, பதநீர் குடிக்கிற பட்டை என்று வரிசை நீளும். வலை தெரிந்த ஆண்கள் ஊசியில் நூல் கோத்துக் கண் போடச் சொல்லித்தரலாம்.

வேலை நடக்கும்போது பேச்சு தானாக வரும். தனுஷ்கோடிப் புயலைப் பற்றிச் சொல்லுங்கள் தாத்தா என்று நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால், பத்திரிகையில் வந்ததையே அவரும் திருப்பிச் சொல்வார். 1964 டிசம்பர் 22 இரவு, கடல் ஏறியது, ரயில் போனது என்று. அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல். அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் கேள்விக்குப் பதிலாக வராது. ஓலையைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது, இந்த ஓலையில்தான் எங்கள் வீட்டுக் கூரை வேய்ந்திருந்தது என்று தொடங்கி, அந்தக் கூரை எப்படிப் போனது, பிறகு யார் வீட்டில் எத்தனை நாள் தங்கினோம், எந்தச் சட்டியில் கஞ்சி வாங்கினோம் என்று போகும். கை ஒரு வேலையில் இருந்தால்தான் நாக்கு அச்சமின்றி நினைவுக்குள் இறங்கும்.

இதற்கு எழும் மறுப்புகளில் சிலவற்றை விரைவில் முடித்துவிடலாம். மதிப்பெண் போய்விடும் என்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரத்தில் எந்த மதிப்பெண்ணும் போகாது. கத்தி, அரிவாள்மணை ஆபத்து என்று இல்லங்கள் தயங்கும். கிழித்துத் தயாரான ஓலையை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள், விற்பதற்காகச் செய்யவில்லை. என்றாலும் 2019 ஜனவரி முதல் ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் தடையில் இருக்கும் மாநிலத்தில், ஆண்டு முழுதும் யாத்திரிகர்கள் வந்து குவியும் ராமேஸ்வரத்தில், ஒரு சிறு ஓலைப் பெட்டிக்கு வேலையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வயதான காலத்தில் அவர்களை வேலை வாங்குவதா, ஓய்வாக இருக்கட்டுமே என்கிற மறுப்பு கொஞ்சம் கனமானது. கை நடுங்கும், கண் தெரியாது, பேரே மறந்துபோனவர்களும் இருக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் முதியோர் பங்கு 2021-இல் 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்து நாம்தான். ஆகவே இந்தக் கேள்வி கூடிக்கொண்டே போகும். ஆனால் பெயரையும் தேதியையும் வைத்திருக்கும் நினைவும், கை பழகிய வேலையை வைத்திருக்கும் நினைவும் மூளையில் ஒன்றல்ல. முதலாவது கரைந்த பிறகும் இரண்டாவது நெடுநாள் நிற்கும். மகள் பெயரைத் தவறவிடும் அம்மாவின் விரல்கள் ஓலையைக் கண்டதும் மடிக்கத் தொடங்கலாம். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நடக்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். விருப்பமே இல்லாதவர்களை விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் என்றாலே இரைச்சல் என்று வெறுக்கிற பெரியவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் சிலரால் முடியாது என்பதைக் காரணம் காட்டி எல்லோர் கையையும் கட்டிப்போடுவது ஓய்வு ஆகாது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில் எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற பெயரில் முதியோரை வாரம் 15 மணி நேரம் பிள்ளைகளுக்குப் படிக்க உதவ அமர்த்தினார்கள். செலவுக்கென்று ஒரு சிறு தொகையும் கொடுத்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், திட்டமிடுவதற்கும் கவனத்தை மாற்றுவதற்குமான மூளைப் பகுதிகளின் செயல்பாடு கூடியிருந்ததைக் கண்டார்கள். கவனியுங்கள், அந்த முதியோரைப் பார்க்க யாரும் போகவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது, அவர்கள் வராவிட்டால் ஒரு பிள்ளையின் பாடம் நின்றுவிடும். டோக்கியோவின் எடோகாவா பகுதியில் கோடோயென் என்ற இல்லம் பல பத்தாண்டுகளாக மழலையர் பள்ளியையும் முதியோரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன், தமிழ்நாடு அரசே ஆதரவற்ற முதியோரும் ஆதரவற்ற குழந்தைகளும் ஒரே வளாகத்தில் வாழ, தலா 25 பேர் என்ற கணக்கில் ஒருங்கிணைந்த இல்லங்களுக்கு மாவட்டந்தோறும் நிதி ஒதுக்கியது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, 150 பேராவது தங்கும் அளவில் அமைக்கச் சொல்கிறது. இடம் கொடுப்பதில் நம் சட்டங்களுக்குக் குறை இல்லை. அந்த இடத்தில் பகல் பதினோரு மணிக்கு இருவரும் சேர்ந்து என்ன செய்வார்கள் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. சேர்ந்து இருந்தால் பாசம் தானாக வரும் என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டோம். பாசம் வேலையின் ஊடாக வருகிறது. பக்கத்து வீட்டில் இருபது வருடம் இருந்தும் பேசாதவர்கள், ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து காய் நறுக்கிய பிறகு உறவாகிவிடுவதை நம் ஊர்களில் பார்க்காதவர்கள் யார்?

இனி வருவதுதான் உண்மையான மறுப்பு. இதைச் சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். பிள்ளைகளை ஓலை முடைய உட்காரவைப்பது குலக்கல்வியைப் பின்வாசல் வழியே கொண்டுவருவதாகாதா என்று கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ரத்தமும் சதையுமான வரலாறு உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது; மீதி நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைச் சாதியை நிரந்தரமாக்கும் ஏற்பாடு என்று எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் சொன்னது முழுக்கச் சரி. பனையேறியின் மகன் பனையேறியாகவே சாக வேண்டும் என்று பள்ளியே சொல்வது அநியாயம். இந்தக் கரையின் பனங்காட்டுப் பிள்ளைகள் ஆசிரியரானதும் செவிலியரானதும் கப்பல் ஏறியதும் அந்தத் திட்டம் தோற்றதால்தான்.

அந்தத் திட்டத்தின் நஞ்சு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். பிறப்பால் தொழில் என்றது, பள்ளி நேரத்தைப் பறித்தது. இரண்டும்தான் நஞ்சு. ஓலையில் நஞ்சு இல்லை. தமிழ்நாடு இதை அண்மையிலேயே தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. ஒன்றிய அரசு 2023-இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலை நிபந்தனையாக வைத்து, 18 வயதிலேயே சேரலாம் என்றபோது, நம் அரசு ஏற்க மறுத்தது. அதற்கு மாற்றாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தை, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், 35 வயது நிறைந்தவர்களுக்கு என்று வகுத்தது. கைவினையை ஒதுக்கவில்லை, பிறப்பை ஒதுக்கியது. நான் கேட்பதும் அதே பிரிப்பைத்தான். ஓலை கற்க வரும் வகுப்பில் மருத்துவர் வீட்டுப் பையன் இருக்கட்டும், மீனவர் வீட்டுப் பெண் இருக்கட்டும், கடைக்காரர் வீட்டுப் பிள்ளை இருக்கட்டும். பனங்காட்டுப் பேரன் வலைக் கண் போடக் கற்கட்டும். ஓலை முடைவது பெண் வேலை என்ற பேச்சு அந்த வகுப்பில் ஒரே வாரத்தில் செத்துப்போகும். பள்ளி நேரத்தில் ஒரு நிமிடமும் குறைய வேண்டாம். ஏற்கெனவே பாடவேளையில் இருக்கும் கைத்தொழில் வகுப்பு போதும். காகிதப் பூவுக்கு ஒதுக்கிய அதே நேரம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த காட்சிகளை நாம் பார்த்திருக்கிறோம். இல்லத்துப் பெரியவர்களைக் காட்டி அந்த ஆசிரியர்களைக் கழற்றிவிடும் எண்ணம் யாருக்காவது வந்தால் அதை முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். பிள்ளைகளை அழைத்துப்போய், கூடவே உட்கார்ந்து, தானும் கற்று, மறுநாள் வகுப்பில் தொடர அந்த ஆசிரியர் இல்லாமல் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட ஓடாது.

குலத்தொழில் என்ற அச்சத்துக்குப் பக்கத்துச் சீமையே விடை வைத்திருக்கிறது. 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்த செட்டிநாட்டில் ஓலைக் கொட்டான் முடைந்தவர்கள் பெரிய வீட்டு ஆச்சிமார். அது அவர்களுக்குச் சோறு போட்ட தொழில் இல்லை. சீருக்கும் சடங்குக்கும் சாயமிட்ட ஓலையில் முடைந்து, மணியும் நூற்பின்னலும் கோத்து அழகு பார்த்தார்கள். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு அந்தக் கை வயதான சிலரோடு நின்றுபோகும் நிலை வந்தது. எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை அதை மீட்டு, சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இன்று செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஒரு சமூகத்தின் கையில் இருந்தது இன்னொரு சமூகத்தின் கைக்கு, பிறப்பைக் கேட்காமல் போயிருக்கிறது. கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டதால் இது முடிந்தது.

மறுப்புகளிலெல்லாம் என்னை அதிகம் உலுக்குவது பெரியவர்களே சொல்வது. பனங்காட்டுப் பெண்களில் பலருக்கு ஓலை என்றாலே கசப்பு. பதநீர் காய்ச்சும் அடுப்புப் புகையில் கண் எரிய, வியாபாரி கொண்டுவந்து போட்ட கணக்குக்குக் கருப்பட்டிப் பெட்டி முடைந்து தள்ளியவர்கள் அவர்கள். கணவன் மரத்திலிருந்து விழுந்து செத்ததையும் சேர்த்துத்தான் அவர்களுக்குப் பனை. "எம் மகளுக்கு இந்த வேலை கூடாதுன்னுதான பள்ளியோடத்துக்கு அனுப்புனேன், இப்ப ஊரான் பிள்ளைக்கு எதுக்குச் சொல்லிக்குடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டால் அதற்குச் சட்டென்று சொல்ல என்னிடம் பதில் கிடையாது. அவர் மறுத்தால் மறுப்பே இறுதி. வற்புறுத்தக்கூடாது.

ஆனால் ஒன்று கேட்பேன். அவரை வதைத்தது எது? முடைசலா, முடைசலுக்குக் கொடுத்த கூலியா? பெட்டி எண்ணிக்கைக்கு இத்தனை காசு என்று யாரோ விலை வைத்தார்கள்; அவர் கைத்திறனுக்கு விலை வைத்தவர்கள் இல்லை. ஆசிரியை என்று நாற்காலி போட்டு, உங்கள் நேரத்துக்கு இது சம்பளம் என்று கையில் கொடுத்து, என்ன கற்றுக்கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டால், சிலர் மனம் மாறலாம். மாறாதவர்கள் கோலம் போடச் சொல்லிக்கொடுக்கட்டும், பல்லாங்குழி ஆடச் சொல்லிக்கொடுக்கட்டும். கதையும் சொல்லாமல் சும்மா இருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

சம்பளம் என்றதும் பலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். இலவசச் சோறும் மருந்தும் கொடுக்கிறோமே, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குக் காசா என்று. இந்தக் கேள்விதான் அந்த நல்ல மனதுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணத்தை வெளியே இழுத்துப் போடுகிறது. தானம் வாங்குகிறவருக்கு ஊதியம் எதற்கு என்று நினைக்கிறோம். மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர்களாக இருந்தாலும், அதுவும் இல்லாதவர்களாக இருந்தாலும், தன் கையால் சம்பாதித்த நூறு ரூபாயில் பேத்திக்கு வளையல் வாங்கி அனுப்ப ஆசைப்படும் அம்மாவுக்கு அந்த நூறு ரூபாயின் அருமை தெரியும். அதை நாம் கொடுக்க மறுத்துவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை பிரியாணிப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

ராமேஸ்வரம் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடற்கரை என்றதும் சிப்பி, சங்கு, பவளம் ஒட்டிப் பொம்மை செய்யும் யோசனை முதலில் வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. கரையில் கிடப்பதைப் பொறுக்கினால் என்ன என்று தொடங்கி, கடையில் வாங்குவதில் முடியும். ஓலை ஆண்டுதோறும் மரத்தில் துளிர்க்கிறது, பிள்ளைகள் கையில் அது போதும். எந்தச் சிப்பியை எடுக்கக்கூடாது, ஏன் என்று சொல்லக்கூடிய பழைய சங்கு குளிப்பவர் இல்லத்தில் இருந்தால், அவரே அதையும் ஒரு பாடமாக எடுக்கட்டும்.

செய்ய வேண்டியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. இல்லத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு பள்ளி. ஒரு வகுப்பிலிருந்து பத்துப் பிள்ளைகள், ஐந்து பெரியவர்கள். ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு மணி நேரம், அதே பிள்ளை அதே பெரியவரிடம். முதல் நாள் பூங்கொத்து வேண்டாம், பாட்டு வேண்டாம், படம் எடுப்பவர் வேண்டாம். ஓலை, ஒரு வாளித் தண்ணீர், ஒரு பாய். பருவம் முடியும்போது கண்காட்சி வைத்தால், முடைந்த பிள்ளையின் பெயருக்கு மேலே சொல்லிக்கொடுத்தவர் பெயரை எழுத வேண்டும். பெரியவர் நடுவில் நோயுற்றாலோ இறந்தாலோ அந்தப் பிள்ளைகளுக்கு அதை மறைக்கக்கூடாது. அவர்களையும் அழைத்துப் போங்கள், தங்கள் ஆசிரியரை வழியனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு.

எவ்வளவு சம்பளம் என்று கேட்கும் பள்ளி நிர்வாகங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறையில் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கைவினைப் பயிற்சியாளரை அழைத்து வகுப்பு நடத்துகிறீர்களே, அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கொடுக்கிறீர்களோ, அதையே கொடுங்கள்.